ஒத்திகை அப்பம்

மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர் என்று
கதவில் என் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறது.
கதவுக்கு உள்ளே
நகலெடுக்கும் இயந்திரம், பசைக்குச்சி இரண்டு பெட்டி,
மூடி தொலைந்த மார்க்கர்கள்,
போன வருடத்து மூவரசர்களின் நசுங்கிய கிரீடங்கள்,
காவல்துறைச் சான்று இன்னும் தராத
ஆறு தன்னார்வலர்களின் பட்டியல்.

சம்பளம் வாரத்தில் இருபது மணிநேரத்துக்கு.
மிச்சத்தைக் கடவுளின் கணக்கில் எழுதிவிடு கிளமென்சியா
என்று சிரிப்பார் ஃபாதர் ஒகோயே.
எழுதிக்கொண்டுதான் வருகிறேன்.
வட்டி எவ்வளவு என்று இருவருமே சொன்னதில்லை.

தொலைபேசியில் யாரும் விசுவாசத்தைப் பற்றிக் கேட்பதில்லை.
ஞாயிறு ஹாக்கி, பிள்ளை வரமாட்டான்.
ஞானஸ்நானச் சான்றிதழ் மணிலாவில் வெள்ளத்தோடு போய்விட்டது.
எட்டு வகுப்பை இரண்டாகச் சுருக்கினால் என்ன?
ஒரு தாய் மட்டும் தயங்கித் தயங்கி:
மகளுக்குக் கோதுமை ஆகாது,
இயேசுவை அரிசியில் செய்ய முடியாதா?

திருச்சபைச் சட்டம் முடியாது என்கிறது.
பசைச்சத்து மிகக் குறைந்த கோதுமையில் ஒன்று உண்டு,
வரவழைக்கிறேன் என்றேன்.
மறுமுனையில் அவள் அழுதாள்.
அந்த வாரம் நான் செய்த இறையியல் அவ்வளவுதான்.

சனிக்கிழமை முதல் நன்மைக்கு ஒத்திகை.
முப்பத்தொரு பிள்ளைகள்.
இடக்கை மேலே, வலக்கை கீழே.
முதலில் ஆமென், பிறகு வாயில்.
மந்திரிக்காத வெறும் அப்பம்.
மலாக்கி முகம் சுளித்தான், அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறதாம்.
பிறகு கேட்டான்:
இதற்குள் அவர் இன்னும் வரவில்லையா?
இன்னும் இல்லை.
அப்படியானால் இப்போது எங்கே நிற்கிறார்?
அடுத்த வாரம் ஃபாதரிடம் கேட்போம் என்றேன்.
இந்த வேலையில் எனக்கு அதிகம் சோறு போட்ட வாக்கியம் அது.

எட்மன்டனில் ஏப்ரலை நம்பக்கூடாது.
திரும்பும் வழியில், ஹென்டே சுற்றுச்சாலையில்,
பனி குறுக்காக அடித்தது.
முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்திருக்கிறது.
ஒரு மணிநேரம். இரண்டு.
பெட்ரோல் முள் கால்பங்கில்.
காலையில் குடித்த தேநீரைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை.
பக்கத்து இருக்கையில், பிளாஸ்டிக் பையில்,
மீந்துபோன அப்பங்கள்.

முதலாவதைத் திருட்டுத்தனமாகத் தின்றேன்.
மூன்றாவதைச் சாதாரணமாக.
ஐந்தாவதில் வாய் தானாகப் பதிவேட்டு வரிசையில் போகத் தொடங்கியது.
சிசோம், காலணி நாடா கட்டத் தெரியாதவள்.
டேனிகா, மாதத்தில் இரண்டு சனி மட்டும் அப்பா வீடு.
ஆமெனை எப்போதும் கேள்வியாகவே சொல்லும் ஜொவான்.
மலாக்கிக்கு இரண்டு.

முப்பத்தொன்றும் முடிந்தும் பையில் அப்பம் இருந்தது.
பாதியில் நின்றுவிட்டவர்களின் பெயர்கள் வந்தன,
நான் கண்டிப்பாகப் பேசி இழந்த ஒரு குடும்பம்.
பிறகு ஜெரோன்.
என் மகனுக்குப் பத்தொன்பது வயது.
ஞாயிறு காலை நான் கிளம்பும்போது
அவன் அறைக் கதவு மூடியிருக்கும்.
இப்போதெல்லாம் தட்டுவதில்லை.
சத்தம் வராமல் சாவியை எடுத்துக்கொள்கிறேன்.
ஊர்ப்பிள்ளைகளுக்குக் கைகளைக் கோத்துக் காட்டப் போகிறேன்.

அவனுடையதை உடனே விழுங்க முடியவில்லை.
அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
மெதுவாகக் கரைந்தது.

மஞ்சள் விளக்கு சுழல, பனி அள்ளும் வண்டி வந்தது.
மடியில் துகள்கள்.
வெறும் மாவுதான், எனக்குத் தெரியும்.
ஆனாலும் விரல்நுனியை ஈரமாக்கி
ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தேன்.
கண்ணாடியைத் தட்டிய காவலர் பெண்
நலமா என்று கேட்டாள்.
வாயில் எது வந்ததோ
அதையே சொன்னேன்.
அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த காருக்குப் போனாள்.

திங்கட்கிழமை கொள்முதல் படிவம் நிரப்பினேன்.
அப்பம், ஐந்நூறு, மந்திரிக்காதது.
போன மாதம்தானே வாங்கினோம் என்றாள் கணக்கர்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒத்திகை என்று எழுதினேன்.